சூடு முதலில், தண்ணீர் அப்புறம், தீவனம் கடைசியில்: தளர்ந்த கோழிக்குஞ்சைத் தேற்றிய பதிவு

கோழி முட்டை பொரிய 21 நாள். இன்குபேட்டரில் வைத்த ஈட்டில் பெரும்பாலான குஞ்சுகள் அந்தக் கணக்குப்படியே வெளியே வந்து, ஈரம் உலர்ந்து, ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டன. இரண்டு மட்டும் சரியில்லை. ஒன்று ஓட்டில் துளை போட்டுவிட்டு வெகுநேரம் அப்படியே கிடந்து, கடைசியாக வெளியே வந்தது. வந்த பிறகும் எழுந்து நிற்கவில்லை. இன்னொன்று நேரத்துக்கு வந்துவிட்டது, ஆனால் தலையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஓரமாகவே நின்றது. இந்தப் பதிவு அந்த இரண்டையும் பற்றியது. ஒன்று பிழைத்தது, ஒன்று பிழைக்கவில்லை. செய்ததைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். இந்த வேலையில் எதைச் செய்கிறோம் என்பதைவிட எதை முதலில் செய்கிறோம் என்பதுதான் முக்கியம்.

பின்தங்கி வந்த குஞ்சை முதலில் கையில் எடுத்தேன். எந்தக் குஞ்சைப் பார்த்தாலும் பாதம், இரைப்பை, தொப்புள், பின்புறம், கால் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது வழக்கம். பாதத்தை என் கழுத்துத் தோலில் வைத்துப் பார்ப்பேன். கை விரலைவிடக் கழுத்துக்குச் சூட்டு வித்தியாசம் நன்றாகத் தெரியும். நன்றாக இருக்கும் குஞ்சின் பாதம் இளஞ்சூடாக இருக்கும். சில்லென்று பட்டால் குஞ்சு குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். இதன் பாதம் சில்லென்றுதான் இருந்தது. கழுத்து மார்போடு சேரும் இடத்தில் வலப்பக்கமாக இருக்கும் இரைப்பை வெறுமையாக இருந்தது. பொரிந்த அன்றைக்கு அது பரவாயில்லை. தொப்புள் காய்ந்து மூடியிருந்தது, பின்புறமும் சுத்தம். கால்கள்தான் பிரச்சினை. நிறுத்தினால் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய், வயிறு தரையில் படிந்துவிட்டது. சமையலறைத் தராசில் 31 கிராம் காட்டியது. கூடப் பொரிந்தவை 36, 38 என்று இருந்தன.

இந்த இடத்தில் யாருக்குமே முதலில் தோன்றுவது, 'பாவம், பசியாக இருக்கும், எதையாவது ஊட்டிவிடலாம்' என்பது. அதைத்தான் செய்யக் கூடாது. பொரிவதற்குச் சற்று முன்புதான் முட்டையின் மஞ்சள் கரு முழுவதும் குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அந்தக் கையிருப்பு இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும். ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டியில் போட்டுத் தொலைதூரம் தீவனம் இல்லாமல் அனுப்ப முடிவது இதனால்தான். ஆக, பொரிந்த அன்று தளர்ந்து கிடக்கும் குஞ்சுக்குப் பசி காரணமாக இருப்பது அரிது. பெரும்பாலும் குளிர், அதற்கு அடுத்தபடியாக நீர் வற்றல். உடம்பு குளிர்ந்திருக்கும்போது குடல் வேலை செய்யாது. அப்போது ஊட்டுவது இரைப்பையிலேயே தங்கிப் புளித்துப்போகும். பசி தீராது, புதிதாக ஒரு நோய்தான் சேரும்.

சரி, சூடு. பொரிந்த குஞ்சின் உடல் வெப்பம் ஏறத்தாழ 39 முதல் 40 டிகிரி செல்சியஸ் இருக்கும். வளர்ந்த கோழிக்கு 41 டிகிரிக்கு மேல். நடுவில் இருக்கும் இந்த வாரங்களில் தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் திறன் குஞ்சுக்கு முழுமையாக வந்திருக்காது. உடம்பில் இருப்பது மெல்லிய பூமயிர் மட்டும்தான், அதுவும் நனைந்து ஒட்டியிருந்தால் பயனே இல்லை. தாய்க்கோழி இறக்கைக்குள் வைத்துக்கொள்வதை நாம் பெட்டியிலும் பல்பிலும் செய்து தர வேண்டியிருக்கிறது.

பல்பைப் பொருத்தும் வரை குஞ்சை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மூடி வைத்திருந்தேன், மூக்கு மட்டும் வெளியே தெரியும்படி. பாதம் சூடேறும் வரை அப்படியே. அவசரத்துக்கு ஹேர் டிரையரை வைத்து ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள். குறைந்த சூட்டில், கையைத் தள்ளி வைத்து, நம் கையிலேயே முதலில் பட்டுப் பார்த்துச் செய்தால் ஈரம் உலர்த்த அது உதவும். ஆனால் அந்தக் காற்று குஞ்சை இன்னும் வற்றவைக்கும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

பெட்டி ஒன்றும் பெரிய வேலை இல்லை. உயரமான ஓர் அட்டைப் பெட்டி, அடியில் பழைய துண்டு. துண்டுக்கு மேலே ரப்பர் வலை விரிப்பு ஒன்றை வெட்டிப் போட்டேன். அலமாரித் தட்டுகளில் சாமான் வழுக்காமல் இருக்கப் போடுவார்களே, அந்த விரிப்பு. செய்தித்தாள் வேண்டாம். வழவழப்பான காகிதத்தில் நடக்கப் பழகும் குஞ்சின் கால் விரிந்துபோகும். ஏற்கெனவே விரிந்திருக்கும் காலுக்கு அது இன்னும் கேடு. பெட்டியின் ஒரு முனையில் மட்டும் 60 வாட் பழைய இழை பல்பு. எல்இடி பல்பில் வெளிச்சம் வரும், குஞ்சுக்குப் போதுமான சூடு வராது. 250 வாட் அகச்சிவப்பு விளக்கை அட்டைப் பெட்டியில் ஒற்றைக் குஞ்சுக்குப் போடுவது ஆபத்து. நெருப்புப் பிடித்த கதைகள் பெரும்பாலும் அந்த விளக்கு மரத்தூள் மேல் விழுந்ததில்தான் தொடங்குகின்றன. எந்த விளக்கானாலும் ஒயரை மட்டும் நம்பித் தொங்கவிடாமல், சங்கிலியோ கம்பியோ இன்னொரு பிடியாக இருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உடைந்தாலும் சிதறாமல் இருப்பதற்காக டெஃப்லான் பூசிய பல்புகள் விற்கிறார்கள். சூடேறும்போது அந்தப் பூச்சிலிருந்து வரும் ஆவி பறவைகளின் நுரையீரலைத் தாக்கிக் கொன்றுவிடும். நமக்கு வாடைகூடத் தெரியாது. பல்பு வாங்கும்போது அட்டையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பல்புக்குக் கீழே 35 டிகிரி, பெட்டியின் மறுமுனையில் 28 அளவில் இருக்கும்படி உயரத்தைச் சரிசெய்தேன். வெப்பமானியைப் பெட்டிச் சுவரில் ஒட்டாமல், குஞ்சின் முதுகு மட்டத்தில் தரையோடு வைத்துப் பார்ப்பதுதான் சரியான அளவைத் தரும். நலமான குஞ்சுகளுக்கு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி போதும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தளர்ந்த குஞ்சை அந்த அளவின் மேல் பக்கத்தில் வைப்பேன். ஒதுங்கிப் போக ஒரு குளிர்ந்த மூலை கட்டாயம் வேண்டும். நடக்க முடியாத குஞ்சு என்றால் அதுவும் போதாது, அந்தக் குஞ்சால் ஒதுங்க முடியாது. அதனால் அதை நேர் பல்புக்கு அடியில் வைக்காமல், சற்றுத் தள்ளி வைத்து, அடிக்கடி போய்ப் பார்த்தேன். அலகைத் திறந்து மூச்சு வாங்கினாலோ இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்தாலோ சூடு அதிகம். உடம்பைச் சுருட்டி நடுங்கினால் சூடு போதவில்லை.

கண்ணைவிடக் காதுக்குச் சீக்கிரம் தெரியும். குளிரிலோ தனிமையிலோ தவிக்கும் குஞ்சு உரத்து, விட்டுவிட்டு, 'கீச்... கீச்...' என்று ஒரே தாளத்தில் கத்தும். சூடு போதுமானதாக ஆனதும் அந்தச் சத்தம் நின்று, தொண்டைக்குள்ளேயே உருட்டுகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் வரும். இந்தக் குஞ்சு கத்தவே இல்லை. கத்தாமல் கிடப்பது கத்துவதைவிட மோசமான அறிகுறி. பெட்டியில் வைத்துக் கொஞ்ச நேரம் கழிந்ததும் முதல் முறையாக உரத்துக் கத்தியது. எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

அடுத்தது தண்ணீர். பாதம் சூடாகிவிட்டதா என்று கழுத்தில் வைத்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் தொடங்கினேன். நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்க, கணுக்காலின் தோலைப் பார்ப்பேன். வற்றிய குஞ்சின் காலில் தோல் சுருங்கி, நரம்புக் கோடு தூக்கிக்கொண்டு தெரியும், மினுமினுப்பு இருக்காது. இதற்கு அப்படித்தான் இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளருக்கு, அதாவது கால் லிட்டருக்கு, ஒரு சிறு கரண்டி சர்க்கரை கரைத்தேன். உடனடித் தெம்புக்கு அது போதும். முதல் நாளோடு சர்க்கரையை நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்து கொடுத்தால் எச்சம் இளகிவிடும். அதற்குப் பிறகு பறவைகளுக்கான எலக்ட்ரோலைட் (உப்புச் சத்து) தூளை உறையில் போட்டிருக்கும் அளவுக்குக் கரைத்துக் கொடுக்கலாம், அல்லது வெறும் தண்ணீரே போதும்.

கொடுக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காப்பாற்றப் போய்க் கொன்றுவிடுகிற இடம் இதுதான். குஞ்சின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்குக்குப் பின்னால் ஒரு சிறு பிளவு திறந்து மூடிக்கொண்டிருக்கும். அது மூச்சுக் குழாயின் வாய். டிராப்பரை வாய்க்குள் விட்டுப் பீய்ச்சினால் தண்ணீர் நேராக அங்கே போய் நுரையீரலில் இறங்கிவிடும். எனவே வாயைத் திறக்கவே வேண்டாம். குஞ்சை நிமிர்த்திப் பிடித்து, டிராப்பரின் நுனியில் ஒரு சொட்டைத் தொங்கவிட்டு, அலகின் பக்கவாட்டில், மேல் அலகும் கீழ் அலகும் சேரும் கோட்டில் தொட வேண்டும். சொட்டு தானே உள்ளே பரவும். குஞ்சு அலகைச் சப்புக்கொட்டுவது போல அசைத்து, தலையைச் சற்றே தூக்கி விழுங்கும். விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. விழுங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு மறுபடியும் சூடு காட்ட வேண்டும். முதல் முறை இரண்டு மூன்று சொட்டே போதும். பிறகு மணிக்கு ஒரு தடவை. இந்தக் குஞ்சு முதல் சொட்டில் ஒன்றும் செய்யவில்லை, இரண்டாவதை விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தது. பொழுது சாயும்போது டிராப்பரைக் கண்டதும் அலகை நீட்டியது.

தானாகக் குடிக்கும் அளவுக்கு வந்ததும் ஒரு தாழ்வான மூடியில் தண்ணீர் ஊற்றி, உள்ளே கோலிக்குண்டுகள் போட்டு வைத்தேன். மினுமினுக்கும் எதையும் குஞ்சு கொத்திப் பார்க்கும், அப்படியே குடிக்கக் கற்றுக்கொள்ளும். அதைவிட முக்கியமான காரணம், தூங்கி விழும் குஞ்சு விரலளவு ஆழமான தண்ணீரிலும் மூழ்கிச் செத்துப்போகும். கோலிக்குண்டு போட்டால் முகம் உள்ளே போக இடம் இருக்காது.

தீவனத்தை மறுநாள் காலைக்குத்தான் எடுத்தேன். அவித்த முட்டையின் மஞ்சள் கருவை வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக மசித்து, அலகின் நுனியில் துளி அளவுக்குத் தடவினேன். குஞ்சு அலகைத் துடைக்கிற சாக்கில் அதைத் தின்றுவிடும். கொஞ்சம் தெளிந்ததும் குஞ்சுத் தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்து மசித்து வைத்தேன். ஊறிய தீவனம் சூட்டில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும் என்பதால் மிச்சத்தை எடுத்துக் கொட்டிவிட வேண்டும். கோழித் தீவனம் என்று எதையாவது போடக் கூடாது. குஞ்சுத் தீவனத்தில் புரதம் 18 முதல் 20 விழுக்காடும், சுண்ணாம்புச் சத்து 1 விழுக்காட்டை ஒட்டியும் இருக்கும். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் சுண்ணாம்பு மூன்றரை, நான்கு விழுக்காடு வரை போகும், அது குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். தரையில் காகிதத் துண்டு ஒன்றைப் போட்டு, அதன்மேல் தீவனத்தைத் தூவி, விரல் நுனியால் 'டக் டக்' என்று தட்டினால் குஞ்சு ஓடி வந்து கொத்தும். தாய்க்கோழி அலகால் தட்டிக் காட்டுவது அதுதான்.

தின்றதா இல்லையா என்பதை இரைப்பை சொல்லிவிடும். மாலையில் விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்ப்பேன். கூழ் மாதிரி மெத்தென்று உருண்டிருந்தால் தீவனமும் தண்ணீரும் போயிருக்கிறது. கடினமாக, மணி மணியாகத் தட்டுப்பட்டால் தின்றிருக்கிறது, குடிக்கவில்லை. வெறும் நீர்ப்பையாகத் தளதளவென்றிருந்தால் குடித்திருக்கிறது, தின்னவில்லை. இரவு முழுதும் கழிந்து காலையிலும் அதே அளவு நிறைந்திருந்தால் செரிக்கவில்லை. அப்போது தீவனத்தை நிறுத்திவிட்டுச் சூட்டையும் தண்ணீரையும் மட்டும் பார்க்க வேண்டும்.

இனி கால். விரிந்த காலுக்கு முதல் சில நாட்கள்தான் காலம். எலும்பும் தசைநாணும் இளகியிருக்கும்போது கட்டினால் நேராகிவிடும், ஒரு வாரம் கடந்தால் கடினம். ஆனாலும் குளிர்ந்து கிடந்த குஞ்சுக்கு அன்றைக்கே கட்டவில்லை. தானாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் கட்டினேன்.

கட்டும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். முழங்கால் மாதிரி பின்னோக்கி மடங்கும் அந்த மூட்டு வீங்கியிருக்கிறதா, ஒரு கால் மட்டும் வெளிப்பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கிறதா? அப்படி இருந்தால் அது தசைநாண் இடம் விலகியது, கால் கட்டு அதற்கு உதவாது. மருத்துவரிடம் காட்ட வேண்டியது. இங்கே மூட்டு சுத்தமாக இருந்தது, இரண்டு காலும் ஒரே மாதிரி விலகின.

காயத்துக்குப் போடும் ஒட்டுப் பிளாஸ்டரை நீளவாக்கில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டிக்கொண்டேன். நடுவில் இருக்கும் பஞ்சுப் பகுதி இரண்டு காலுக்கும் இடையில் வர வேண்டும். ஒரு முனையை மூட்டுக்குக் கீழே, பாதத்துக்கு மேலே இருக்கும் மெலிந்த காலில் தளர்வாகச் சுற்றி, பசைப் பக்கம் பசைப் பக்கத்தோடு சேரும்படி ஒட்டினேன். மறுமுனையை அடுத்த காலில் அதே மாதிரி. நின்றால் கால்கள் இடுப்புக்கு நேர் கீழே வர வேண்டும், நடுவில் சுமார் 2 முதல் 2.5 சென்டிமீட்டர். ஒட்டி இழுத்தால் குஞ்சு குப்புற விழும், அகலம் விட்டால் பயனில்லை. வெளியே தெரியும் பசையில் மயிர் ஒட்டாமல் இன்னொரு துண்டால் மூடிவிட்டேன். இதைத் தனியாகச் செய்வது சிரமம். குஞ்சைத் துணியில் சுற்றி இன்னொருவர் பிடித்துக்கொண்டால் சுலபம். சிவப்பு நிறப் பிளாஸ்டரைத் தவிர்த்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் குஞ்சுகள் கொத்தும்.

கட்டியதும் குஞ்சு திகைத்துப் பக்கவாட்டில் விழுந்து, காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். மல்லாந்துவிட்டால் தானாகத் திரும்ப முடியாது, மல்லாந்தபடியே கிடந்து இறந்துபோகவும் செய்யும். அதனால் முதல் சில மணி நேரம் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு சிறு கிண்ணத்தில் துணியை மடித்து வைத்து, பாதம் தரையில் படும்படி, உடம்புக்குப் பக்கத்தில் தாங்கல் கிடைக்கும்படி அதை நிறுத்தினேன். அவ்வப்போது வெளியே எடுத்து, வயிற்றுக்குக் கீழே இரண்டு விரலால் தாங்கி, ரப்பர் விரிப்பில் நிற்கப் பழக்கினேன். விரல் மூன்றும் முன்னே பரந்து விரிப்பைப் பற்றுகிறதா என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் விரல்கள் மடங்கியே கிடந்தன. அப்புறம் ஒரு தடவை நகம் விரிப்பின் ஓட்டையில் மாட்டி, அந்தப் பிடியில் குஞ்சு உடம்பைத் தூக்கியது. அன்று மாலைக்குள் தத்தித் தத்தி நகரப் பழகிவிட்டது.

பொதுவாக 3 முதல் 5 நாள் கட்டு தேவைப்படும். தினமும் பாதத்தில் வீக்கமோ நிறமாற்றமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், குஞ்சு வளரும் வேகத்தில் நேற்றுத் தளர்வாக இருந்த கட்டு இன்றைக்கு இறுக்கும். பிளாஸ்டரை அப்படியே உரிக்கக் கூடாது, தோல் சேர்ந்து வரும். வெதுவெதுப்பான தண்ணீரிலோ துளி எண்ணெயிலோ நனைத்து, பசை இளகிய பிறகு எடுக்க வேண்டும். முதல் தடவை கட்டை எடுத்தபோது நின்றது, நடந்தால் இடது கால் மட்டும் விலகியது. சற்று அகலமாக விட்டு மறுபடியும் கட்டினேன். அடுத்த தடவை எடுத்த பிறகு கட்டத் தேவைப்படவில்லை.

கட்டு இருந்த நாட்களில் பின்புறம் ஒட்டிக்கொண்டது. உட்கார்ந்தே இருக்கும் குஞ்சுக்கு இது சகஜம். எச்சம் மயிரில் ஒட்டிக் காய்ந்து, துவாரத்தை அடைத்துவிடும். அடைப்பை விட்டுவிட்டால் இறந்துவிடும். காய்ந்ததைப் பிய்த்தால் தோல் கிழியும், சில சமயம் குடலே காயப்படும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சைப் பின்புறத்தில் வைத்து, ஊறும் வரை பொறுத்து, துடைத்துத் துடைத்து எடுத்தேன். சுத்தம் ஆனதும் துளி வாஸ்லின் தடவி, உடனே உலர்த்திச் சூட்டில் வைத்தேன், நனைந்த குஞ்சு நிமிடத்தில் குளிர்ந்துவிடும். ஓர் எச்சரிக்கை. பொரிந்த குஞ்சின் வயிற்றின் அடியில், துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கறுத்துக் காய்ந்த ஒரு முடிச்சு இருக்கும். அது தொப்புள். அதை அழுக்கு என்று நினைத்து இழுத்தால் வயிறு திறந்துகொள்ளும். பின்புறம் ஒட்டுவது திரும்பத் திரும்ப வந்தால் பெட்டியின் சூட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும், கூடினாலும் குறைந்தாலும் இப்படி ஆகும்.

இரண்டாவது குஞ்சைப் பற்றி இப்போது சொல்கிறேன். அதன் எடை குறையவில்லை, பாதமும் சூடாகவே இருந்தது. கையில் எடுத்துத் திருப்பியதும் விஷயம் தெரிந்துவிட்டது. வயிறு ஊதித் தளர்ந்திருந்தது, தொப்புள் மூடாமல் ஈரமாக, சுற்றித் தோல் நீலம் பாரித்திருந்தது, மூக்கருகே கொண்டுவந்தால் கெட்ட வாடை. மூடாத தொப்புள் வழியாகக் கிருமி நுழைந்து உள்ளே இருக்கும் மஞ்சள் கருவைக் கெடுத்துவிட்டது. இழுக்கப்பட்ட மஞ்சள் கருதான் குஞ்சின் கையிருப்பு உணவு. அதுவே அழுகும்போது வெளியிலிருந்து நாம் கொடுப்பது எதுவும் பெரிதாக உதவாது. தனியாகப் பிரித்துச் சூட்டில் வைத்தேன், தொப்புளைச் சுற்றி நீர்த்த அயோடின் தொட்டு வைத்தேன், கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். இந்த நிலையில் வாய்ப்புக் குறைவு என்றுதான் அவரும் சொன்னார். மறுநாள் இறந்துவிட்டது. இந்த நோய் வந்தவை பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் போய்விடும். மற்றக் குஞ்சுகளின் தொப்புளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், இன்குபேட்டர் தட்டுகளைக் கழுவிக் கிருமிநாசினி போட்டு வெயிலில் காயவைத்தேன். எச்சம் ஒட்டிய முட்டையை அடைக்கு வைக்காமல் இருப்பதும், பொரியும் நாட்களைத் தவிர மற்ற நாட்களில் ஈரப்பதத்தை ஏற்றிவிடாமல் இருப்பதும்தான் இதற்கு உண்மையான மருந்து.

மருந்தைப் பற்றி என் கருத்து கறாரானது. என்ன நோய் என்று தெரியாமல் ஆன்டிபயாட்டிக் கலந்த தண்ணீரை எல்லாக் குஞ்சுக்கும் வைப்பதை நான் எதிர்க்கிறேன். குளிர்ந்த குஞ்சுக்கு மருந்து கொடுத்தால் அது குளிராலேயே சாகும், மருந்து பலிக்கவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். பார்த்ததுமே இனம் காணக்கூடியவை சில உண்டு. தலை பின்னால் வளைந்து வானத்தைப் பார்த்தபடி கிடந்தால் வைட்டமின் பி1 குறைவைச் சந்தேகிக்கலாம். விரல்கள் உள்பக்கம் மடங்கி, குஞ்சு மூட்டில் ஊன்றி நடந்தால் பி2. இரண்டுக்கும் பி காம்ப்ளெக்ஸ் சொட்டு ஆரம்பத்திலேயே கொடுத்தால் பலன் தெரியும். வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறினால் பூஞ்சை பிடித்த மரத்தூளை முதலில் வெளியே எறிய வேண்டும். எச்சத்தில் ரத்தம், தூக்கிய இறகு, கூனிய முதுகு என்றால் ரத்தக் கழிச்சல். அது மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை அதிகம் வரும், ஈரத் தரையில் வேகமாகப் பரவும். அதற்கான ஆம்ப்ரோலியம், கிருமி பி1 சத்தை எடுத்துக்கொள்வதைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது. அதனால் அந்த மருந்து ஓடும் நாட்களில் பி1 உள்ள வைட்டமினைச் சேர்த்துக் கொடுத்தால் மருந்து வீணாகிவிடும். கடையில் இரண்டையும் ஒன்றாகவே கொடுத்து அனுப்புவார்கள், கவனிக்க வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் குஞ்சைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கழுத்தில் பாதத்தை வைத்துப் பார்த்தால் கழுத்தையும்தான். பார்க்க நன்றாக இருக்கும் குஞ்சிடமும் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் குஞ்சை முகத்தோடு வைத்துக் கொஞ்ச விடாதீர்கள்.

கால் கட்டை எடுத்த பிறகு, தனியாகவே வைத்திருப்பது சரியில்லை. தனிக் குஞ்சு தின்பதைக் குறைத்துவிடும், கத்திக் கத்தியே தெம்பை இழக்கும். ஆனால் நேராகக் கூட்டத்தில் விட்டால் பலமானவை கொத்திவிடும். கூட்டத்திலிருந்து சாதுவான ஒரு குஞ்சைப் பொறுக்கி, இதனோடு பெட்டியில் விட்டேன். ஒன்று கொத்துவதைப் பார்த்து இன்னொன்று கொத்தும், தீவனம் தின்பதில் அதுவரை நான் தட்டிக் காட்டியதைவிட அந்தத் துணை சீக்கிரம் கற்றுக்கொடுத்தது. அப்புறம் இரண்டையும், மற்றக் குஞ்சுகள் இருக்கும் பெரிய புரூடரில் (குஞ்சுகளைச் சூட்டில் வளர்க்கும் கூண்டு) கம்பி வலைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் விட்டேன், மற்றவை வலை வழியாகப் பார்த்துப் பழகட்டும் என்று. தடுப்பை இருட்டும் நேரத்தில் எடுத்தேன். தூங்கப் போகும் குஞ்சுகளுக்குச் சண்டை போடத் தோன்றாது, சூட்டைத் தேடி ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். விடிந்ததும் முதல் மணி நேரம் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஒன்றிரண்டு கொத்து விழுந்தது, தொடர்ந்து துரத்தவில்லை. தீவனத் தட்டும் தண்ணீர்த் தட்டும் கூடுதலாக ஒவ்வொன்று, எதிர் மூலையில் வைத்தேன், துரத்தப்பட்ட குஞ்சு பட்டினி கிடக்காமல் இருக்க.

தினமும் ஒரே நேரத்தில், தீவனம் வைக்கும் முன், எடை பார்த்து எழுதி வந்தேன். முதல் இரவு கழிந்து 30 கிராமாக இறங்கியது. மஞ்சள் கரு கரைவதால் தொடக்கத்தில் சற்று இறங்குவது இயல்புதான். அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போனால்தான் கவலை. கட்டு எடுக்கும்போது 44 கிராம் வந்துவிட்டது. கூட்டத்தில் இன்னமும் அதுதான் சின்னது. இரவில் பல்புக்கு அடியில் கடைசியாக நுழைவதும் அதுதான் என்பதால், மற்றவற்றின் வயதுக்கு ஏற்ப சூட்டைக் குறைக்கும்போது ஒரு மூலையில் மட்டும் முந்தைய வாரத்துச் சூடு இருக்கும்படி பல்பை ஒரு பக்கமாகத் தாழ்த்தி வைத்திருக்கிறேன்.